வாட் கணக்கும் செவிக் கணக்கும்

பக்தியின் ஒன்பது நெறிகளைப் பிரகலாதன் தன் தந்தையிடம் எடுத்துரைக்கும்போது முதலாவதாகச் சொல்வது சிரவணம். பகவானின் திருநாமத்தைக் காதால் கேட்பதே அது. பாடுதலும் நினைத்தலும் அர்ச்சித்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. திருவள்ளுவரும் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரத்தையே தனியாக வகுத்து வைத்தார்.

ஒரு காலத்தில் கோயில் மண்டபத்திலும் கதாகாலட்சேபப் பந்தலிலும் மட்டுமே கிட்டிய அந்தப் பாக்கியத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது இசைத்தட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தை எச்.எம்.வி. நிறுவனம் 1963ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன் உரிமைத்தொகை திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு அர்ப்பணமாயிற்று. பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய அந்தத் துதியில் சுப்ரபாதம் 29, ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14 என மொத்தம் 70 சுலோகங்கள் உண்டு. இசைத்தட்டில் கேட்டவர்கள் பிறகு கேசட்டில் கேட்டார்கள். அதன் பிறகு குறுந்தகட்டில் கேட்டார்கள். இன்று கைப்பேசியில் கேட்கிறார்கள். குரல் அதேதான். அதைச் சுமந்து வரும் வாகனம்தான் மாறிக்கொண்டே வருகிறது.

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்கு அருகில் வசிக்கும் ஒரு தம்பதியர் வீட்டிலும் விடியற்காலை நாலரை மணிக்கு அந்தக் குரல்தான் முதலில் எழும். பெரியவருக்கு வயது 74. தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு மனிதரின் குரலை இன்னொரு மனிதரின் காதுக்குக் கொண்டு சேர்ப்பதையே வாழ்நாள் தொழிலாகச் செய்தவர். அம்மையாருக்கு வயது 69. மின்சாரம் என்றால் சுவரில் இருக்கும் பொத்தான் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டவர். ஆனால் எழுபது சுலோகங்களும் அவருக்கு மனப்பாடம்.

அந்த வீட்டுக் கூடத்தில் 1988இல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. மரப்பெட்டி, உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர், பின்புறம் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு. சில மாதங்களாகப் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் சேர்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் முதுமையால் வறண்டுபோனதன் அடையாளம் அது என்று பெரியவருக்குத் தெரியும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தார். கெப்பாசிட்டர்களை மாற்றிவிடலாம், ஆனால் ஒரு பக்கத்து டிரான்சிஸ்டர்களும் போய்விட்டன, அதே ரகம் இப்போது நம்பிக்கையாகக் கிடைப்பதில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

உறுமல் ஒருபுறம் இருக்க, பெரியவருக்கு வேறொரு குறையும் இருந்தது. “குரல் வருகிறது, சொல் வரவில்லை. எல்லாம் ஒரே கூழாக இருக்கிறது” என்று அடிக்கடி சொல்லுவார். சொல்லிக்கொண்டே ஒலிக் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்புவார். மாடி வீட்டில் குடியிருக்கும் பெண் ஒரு நாள் இறங்கி வந்து, “மாமா, பையன் பிளஸ் டூ படிக்கிறான். ராத்திரி ஒரு மணி வரை கண் விழிக்கிறான். காலையில் கொஞ்சம் மெதுவாக வைக்க முடியுமா?” என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டாள். பெரியவர் வெட்கப்பட்டார். பழுது முழுவதும் மரப்பெட்டியில்தான் என்று முடிவு செய்து, புதிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்.

இன்று கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று வைத்திருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர்களில் மிகப் பெரும்பாலானவை ‘கிளாஸ் டி’ என்ற வகையைச் சேர்ந்தவை. டி என்றால் டிஜிட்டல் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு, அது சரியன்று. ஏ, பி, சி என்று வரிசையாகப் பெயரிட்டு வந்தபோது அடுத்து நின்ற எழுத்து டி, அவ்வளவுதான்.

அதன் தத்துவத்தை அம்மையாருக்குப் பெரியவர் மின்விசிறியை வைத்து விளக்கினார். “முன்பு நம் வீட்டில் ஃபேனுக்குப் பெரிய கறுப்பு ரெகுலேட்டர் இருந்ததே, நினைவிருக்கிறதா? தொட்டால் சுடும். வேகத்தைக் குறைப்பதற்காகத் தடுத்து நிறுத்திய மின்சாரமெல்லாம் அதற்குள் சூடாக வீணாயிற்று. இப்போது இருக்கிற சின்ன ரெகுலேட்டர் சுடுவதில்லை. அது மின்சாரத்தைத் தேய்த்துக் குறைப்பதில்லை. விட்டு விட்டு அனுப்புகிறது.” பழைய ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த குழாயைப் போல நின்று மின்சாரத்தைக் கட்டுப்படுத்தியவை. கிளாஸ் டி வகையில் அவை ஒன்று முழுவதும் திறந்திருக்கும், அல்லது முழுவதும் மூடியிருக்கும், இடைநிலை கிடையாது. வினாடிக்கு ஏறத்தாழ நாலு லட்சம் முறை இந்தத் திறப்பும் மூடலும் நடக்கும். குரல் ஏறும் இடத்தில் திறந்திருக்கும் நேரம் நீளும். இறங்கும் இடத்தில் குறையும். கடைசியில் ஒரு கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் வடிகட்டியாக நின்று, அந்தப் படபடப்பை நீக்கிவிட்டுக் குரலை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். வீணாகும் சூடு மிகக் குறைவு. முழுத் திறனில் இயங்கும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது இந்த வகையில் சாதாரணம். அதனால்தான் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று, முன்பு இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்த பெட்டியின் வேலையைச் செய்கிறது.

இது புதிய கருத்தும் அன்று. 1964இலேயே பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்ற பெயரில் இவ்வகை ஆம்ப்ளிஃபயரை, வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்பாக விற்றது. அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அவ்வளவு வேகமாகத் திறந்து மூடும் சக்தி இல்லாததால் கருத்து காத்திருக்க நேர்ந்தது. வேகமான டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகே அது வீடுதோறும் வந்து சேர்ந்தது.

கடைக்குப் போகுமுன் பெரியவர் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். அவரிடம் இருந்த ஸ்பீக்கர்கள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றின் முதுகில் ‘8 ஓம்’ என்றும் ‘88 டெசிபல்’ என்றும் எழுதியிருந்தது. எட்டிப் பார்த்த அம்மையார், “ஸ்பீக்கரில்கூடப் பிரணவமா?” என்று வியந்தார். அது ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் பெயர், மின்தடையின் அளவு என்று பெரியவர் சொன்னார். “இருக்கட்டும். ஓம் என்று எழுதியிருக்கிறது அல்லவா, அது போதும்” என்றார் அம்மையார்.

88 டெசிபல் என்பதன் பொருள் இது: அந்த ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் அளவுக்கு ஒலி எழும். இருவர் எதிரெதிரே அமர்ந்து இயல்பாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். ஆகவே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் விடியற்காலையில் துதி கேட்பதற்கு ஒரு வாட்டே தாராளம். வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்றவேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். வாட் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அறியவேண்டிய முதல் உண்மை இதுதான். உச்சஸ்தாயியில் குரல் தடுக்காமல் ஏறுவதற்கு இருப்பு வேண்டும் என்பதால் இருபது, முப்பது வாட் உண்மையாகக் கிடைத்தால் போதும் என்று பெரியவர் முடிவு செய்தார்.

‘உண்மையாக’ என்ற சொல்லைத்தான் அவர் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

ரிச்சி தெரு திருவல்லிக்கேணியிலிருந்து அதிக தூரமில்லை. பெரியவர் தம் ஸ்பீக்கர்களில் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். “கடையில் ஸ்பீக்கர் இருக்காதா?” என்று அம்மையார் கேட்டதற்கு, “பெண் பார்க்கப் போகும்போது பிள்ளையை அழைத்துக்கொண்டு போக வேண்டாமா?” என்றார். அது வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. கிளாஸ் டி வகையின் எளிய தயாரிப்புகளில், கடைசியில் நிற்கும் வடிகட்டி ஸ்பீக்கரின் ஓம் அளவோடு உறவாடும். ஒரு ஸ்பீக்கரில் இதமாக ஒலிப்பது வேறொன்றில் கீச்சென்று கேட்கலாம். உயர்ந்த தயாரிப்புகளில் வடிகட்டிக்கு அப்பாலிருந்து ஒலியைத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால் இந்த வேறுபாடு எழாது. வாங்கும் கருவி எந்த ரகம் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொந்த ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடையிலிருந்த இளைஞர் மூன்று பெட்டிகளை மேசைமீது வைத்தார். முதலாவது விலை மலிவு. அதன்மேல் ‘100 + 100 வாட்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. பெரியவர் பெட்டியைப் பார்க்கவில்லை, கூட வந்த அடாப்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். 12 வோல்ட், 3 ஆம்பியர்.

“தம்பி, பன்னிரண்டையும் மூன்றையும் பெருக்கினால் எவ்வளவு?”

“முப்பத்தாறு, சார்.”

“முப்பத்தாறு வாட் உள்ளே போனால் இருநூறு வாட் எப்படியப்பா வெளியே வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?”

இளைஞர் சிரித்துவிட்டார். 12 வோல்ட்டில் இயங்கும் இத்தகைய கருவி, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தெளிவாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படி அதிகபட்சம் 9 வாட். அதுவே 24 வோல்ட் என்றால் நான்கு மடங்காகி 36 வாட் வரை போகலாம். வோல்ட் இரு மடங்கானால் வாட் நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. எந்த அச்சகமும் அதை மாற்ற இயலாது. பெட்டிகளின்மேல் போடும் எண்ணில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒலி பத்து சதவீதம் சிதைந்துபோகும் நிலையில் எவ்வளவு வாட் வருகிறது என்று அளந்து அதையே அச்சிடுவார்கள். நகைக்கடையில் சேதாரம் எவ்வளவு என்று கேட்பதைப்போல, இங்கும் எத்தனை சதவீதச் சிதைவில் இத்தனை வாட் என்று கேட்க வேண்டும். ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ சொன்னால் அந்த எண்ணை நம்பலாம்.

இளைஞர் முதல் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், ‘புளூடூத் மோட்’ என்று கடையே அதிரும்படி கூவிற்று. அம்மையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “காலை நாலரை மணிக்குப் பெருமாளுக்கு முன்னால் இவள் எழுப்புவாளா?” என்று கேட்டார். மலிவான பல கருவிகளில் அந்தக் கூவலை நிறுத்தவோ குறைக்கவோ வழி கிடையாது. வாங்குமுன் ஒரு முறை அணைத்து, மீண்டும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அணைக்கும்போதும் போடும்போதும் ‘டொப்’ என்று ஸ்பீக்கர் அடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது பெட்டி நடுத்தர விலை. 24 வோல்ட் அடாப்டர், அதன்மேல் பி.ஐ.எஸ். முத்திரை, விரல்களால் நன்றாகப் பிடித்துத் திருப்பும்படியான பெரிய ஒலிக் குமிழ், கனத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் தனித்தனிக் குமிழ்கள். மூன்றாவது விலை மிகுந்தது. உலோகப் பெட்டி, நூறு வாட்டுக்கும் மேல் மெய்யாகவே கொடுக்கக்கூடியது. மூன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக அதே சுப்ரபாதம், அதே ஸ்பீக்கரில், மெல்லிய ஒலியில் வைத்துக் கேட்கப்பட்டது. உரக்க வைத்தால் எல்லாக் கருவியும் கெட்டிக்காரத்தனமாகவே தோன்றும். மெதுவாக வைக்கும்போதுதான் தரம் தெரியும்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. மூன்றிலும் குரல் வந்தது, சொல் வரவில்லை.

“நீ சொல்” என்றார் அம்மையாரைப் பார்த்து, பேச்சுக்காக.

அம்மையார் தயங்காமல் சொன்னார். “முதல் பெட்டியில் ‘ஸ’ வருகிற இடமெல்லாம் தாளிக்கிற மாதிரி பொரிகிறது. பாட்டு நின்றபிறகும் ‘உஸ்’ என்ற சத்தம் நிற்கவில்லை. இரண்டாவதில் அந்தச் சத்தம் இல்லை. அம்மாவின் குரலோடு சேர்ந்து பாடுகிற குரல் தனியாகத் தெரிகிறது. மூன்றாவதும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.”

“உஸ் என்ற சத்தமா? எங்கே?” என்று பெரியவர் முதல் பெட்டியை மறுபடி போடச் சொல்லி, ஸ்பீக்கருக்கு அருகே குனிந்து காதை வைத்தார். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து இளைஞரைப் பார்த்தார். மூன்றடி தள்ளி நின்ற இளைஞர், “வருது சார்” என்றார், குரலைத் தாழ்த்தி.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே சுமக்கும். ‘ஸ’, ‘ஃப’ போன்ற எழுத்துகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. ஆகையால் தொலைபேசியில் இந்த எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். ஆள் யார் என்று குரலில் தெரியும், ஆனால் பெயர் சரியாக விளங்காது. புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்கு இதைப் பலகையில் படம் போட்டு விளக்கியவர் அந்தப் பெரியவர். குரல் வருகிறது, சொல் வரவில்லை என்றால் மேல் அதிர்வெண்கள் போய்விட்டன என்று பொருள். இரண்டு ஆண்டுகளாகத் தம் வாயாலேயே நாள்தோறும் சொல்லி வந்தது என்ன என்பது அந்தக் கடையில் நின்றபோதுதான் அவருக்கு விளங்கிற்று.

இரண்டாவது பெட்டியையே வாங்கினார்கள். ஆட்டோவில் திரும்பி வரும்போது அவர், “உனக்கு முன்பே தெரியுமா?” என்று கேட்டார். “தெரியும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆனால் என்ன சொன்னேன் என்று திரும்பக் கேட்பீர்கள். சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று இருந்துவிட்டேன்” என்றார் அம்மையார். “பழுது பெட்டியில் என்றால் புதுப் பெட்டி வாங்கலாம் என்று நினைத்தேன்” என்று பெரியவர் சொன்னார். பிறகு வீடு வரும் வரை ஸ்பீக்கரை மடியில் அணைத்தபடி பேசாமல் வந்தார்.

புதிய கருவியைப் பொருத்துவதில் அவர் கை பழைய கைதான். பழைய ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி ஒரே இடத்தில் செருகியிருந்தார். அதைப் பிரித்து, நான்கு கம்பிகளையும் தனித்தனியாக இழுத்தார். இக்காலத்துச் சிறிய கிளாஸ் டி கருவிகள் பெரும்பாலானவற்றில் சிவப்பு, கறுப்பு இரண்டு முனையிலும் ஒலி மின்சாரம் ஓடுகிறது. கறுப்புக் கம்பிகளை ஒன்று சேர்த்தாலோ, எர்த் கம்பியோடு இணைத்தாலோ கருவி கெட்டுப்போகும். பழைய வீட்டில் பழைய கம்பியோடு புதுக் கருவியை இணைப்பவர்கள் இந்த ஒன்றை மறக்கலாகாது.

வானொலிப் பெட்டியையும் அவர் இடம் மாற்றினார். ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் இருந்தவரை அது மத்திய அலையில் இரைந்தது. வினாடிக்கு நாலு லட்சம் முறை திறந்து மூடும் கருவியின் மடங்குகளான 800, 1,200, 1,600 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் மத்திய அலையின் எல்லைக்குள்தான் வருகின்றன. வானொலியைக் கூடத்தின் மறுகோடிக்கு மாற்றி, ஸ்பீக்கர் கம்பிகளையும் தேவையான நீளத்துக்குக் கத்தரித்ததும் இரைச்சல் அடங்கிவிட்டது.

இவ்வளவும் முடிந்த பின்பும் அவர் காதில் சொல் விழவில்லை. உறுமல் போயிற்று, சூடு போயிற்று, பாரம் போயிற்று. கூழ் கூழாகவே இருந்தது. மெல்லிய ஒலிக்கான குமிழை முழுவதும் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சற்றே தெளிந்தது. அம்மையாரோ காதைப் பொத்திக்கொண்டார். குமிழைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, மறுநாள் அவர் காது மருத்துவரிடம் போனார்.

பரிசோதனைச் சாலையில் ஒலி புகாத சிறிய அறைக்குள் அமர்த்தி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் ஒலியாகக் காதில் விட்டு, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்த வரைபடத்தைப் பெரியவரே படித்துக்கொண்டார். ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதரை. அதற்கப்பால் குளத்துப் படிக்கட்டைப்போல இறக்கம். வயதினால் வரும் செவிக் குறை பெரும்பாலும் இப்படி மேல் ஒலிகளில்தான் தொடங்குகிறது. உயிரெழுத்துகளைத் தாங்கும் கீழ் ஒலிகள் நன்றாகவே கேட்பதால், காது பழுது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. எதிரே பேசுகிறவர் வாய்க்குள் முணுமுணுக்கிறார் என்றோ கருவி சரியில்லை என்றோதான் தோன்றும். ஒலியைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கிற பகுதிதான் இன்னும் உரக்கக் கேட்கும். கேட்காத பகுதி கேட்காமலேயே நிற்கும்.

அவருக்கு இரு காதுகளுக்கும் கருவி பரிந்துரைக்கப்பட்டது. சுண்டு விரல் நுனி அளவேயான அதைக் கையில் வைத்துப் பார்த்தவருக்குத் தொழில் ஆர்வம் திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு சிறிய பேட்டரியில் நாள் முழுவதும் எப்படி இயங்குகிறது என்று கேட்டார். உள்ளே ஒலியைப் பெருக்கும் பகுதி கிளாஸ் டி வகை என்று பொருத்துகிறவர் சொன்னார். மின்சாரத்தை வீணாக்காத வகை என்பதால் காது கேட்கும் கருவிகளுக்கு அது மிகவும் ஏற்றது. பெரியவர் அம்மையாரின் பக்கம் திரும்பி, “நீ ரிச்சி தெருவில் தேர்ந்தெடுத்தாயே, அதன் தம்பி இது” என்றார்.

முதல் வாரம் எளிதாக இல்லை. தட்டில் கரண்டி படும் ஓசை, செய்தித்தாள் மடிக்கும் ஓசை, குழாய்த் தண்ணீர் எல்லாம் காதில் குத்தின. மூளை மறந்த ஒலிகளைத் திரும்பப் பழக நாளாகும், எடுத்து மேசை அறைக்குள் போட்டுவிடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு மணி நேரம் என்று அவர் பழகிக்கொண்டார். இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, மங்களாசாசனம் நடந்துகொண்டிருந்தபோது எழுந்து போய், ஒலிக் குமிழைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மையார் கையிலிருந்த கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் இசைக்கருவி மாற்ற நினைக்கும் முதியவர்கள் இந்தக் கணக்கை வரிசை மாற்றிப் போடலாம். முதலில் காதைச் சோதித்துக்கொள்வது, அடுத்து அறையையும் ஸ்பீக்கரையும் பார்ப்பது, கடைசியில் ஆம்ப்ளிஃபயர். கடைக்குப் போகும்போது சொந்த ஸ்பீக்கரும், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டும், தம்மைவிட நன்றாகக் காது கேட்கும் ஒருவரும் உடன் போக வேண்டும். அடாப்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெதுவாக வைத்துக் கேட்க வேண்டும். கண் மங்கினால் அன்றைக்கே கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்கள், காது மந்தமானால் ஆண்டுக்கணக்கில் குமிழைத் திருப்பிக்கொண்டு காலம் தள்ளுவது ஏனென்று தெரியவில்லை. பக்தியில் முதலாவதாக வைக்கப்பட்டது அந்தச் செவிக்குரிய தொண்டுதான்.

பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் மாடி வீட்டுப் பெண் மீண்டும் இறங்கி வந்தாள். “என்ன மாமா, இப்போதெல்லாம் காலையில் சுப்ரபாதம் போடுவதில்லையா?” என்று கேட்டாள்.

“தினமும் போடுகிறோமே அம்மா” என்றார் பெரியவர்.

“அப்படியா! எங்களுக்குக் கேட்கவே இல்லை. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, கொஞ்சம் கூட்டி வையுங்கள் மாமா. அதைக் கேட்டுத்தான் நாங்கள் எழுந்து பழக்கம்.”

பெரியவர் அம்மையாரைப் பார்த்தார். “நீயே வை. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும்” என்றார்.